ஆறரைக்கு மேல் காலியிடம்

தொண்ணூறுகளில் கணபதி என்ற ஊரில் ஒரு பம்ப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். அங்கே செக்கிங் பார்த்த அம்மணி சாக்பீஸைக் கொண்டையில்தான் செருகியிருப்பார். இரும்புக் கதவில் கோடு கிழித்து ஆறேகால், ஆறரை, ஆறேமுக்கால் அங்குலம் என்று குறிப்பார். பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட் ஒவ்வொன்றையும் அளந்து, அதன் நீளத்துக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போடுவார்.

பம்புக்கு வேண்டியது ஆறரை. ஒருநாள் லாரி காத்திருந்தது. நான் கணக்குப் போட்டு, “சராசரி கரெக்டா ஆறரை, லோடு ஏத்துங்க” என்றேன்.

“ஏனுங்க சார், கதவைப் பாத்தீங்களா?” என்றார் அம்மணி.

ஆறேகாலில் குறிகள் ஒரு குவியல், ஆறேமுக்காலில் ஒரு குவியல். நடுவே ஆறரை என்று எழுதியதற்கு நேர் மேலே ஒரு குறிகூட இல்லை.

“சராசரியையாங்க பம்புல மாட்டுவாங்க?”

லாரி காலியாகத் திரும்பியது. யார் சராசரி சொன்னாலும் இன்றும் அந்தக் கதவின் காலியிடத்தைத்தான் பார்க்கிறேன்.