கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் முதல் படி

என் அண்ணன் ஆதிமூலம் போன மாதம் இறந்தான். நாற்பத்தொரு வயது. ஊரில் கேட்டால், பஸ் பாடி கட்டும் ஷெட்டில் தகடு வெட்டியவன் என்பார்கள். அது சரிதான். அவன் வெட்டிய ஒரு தகட்டின் மேல் ஏறித்தான் நான் பட்டம் வாங்கினேன் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிவிட்டது. 1974இல் திருவண்ணாமலைக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ். வலது காலை ஊன்றி, இடது காலைப் படியின் விளிம்பில் உரசி இழுத்துக்கொண்டு ஏறுவேன். செருப்பு நிற்காது, வெறுங்கால்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் முதல் படியில் வழுக்கி, புத்தகங்களோடு சேற்றில் விழுந்தேன்.

நைனா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தரம் வுழுந்தா வூட்டோட இரும்மா, ரேணு. இருக்கற காலும் போச்சுன்னா இன்னா பண்றது?"

மறுநாள் அண்ணன் பஸ் நிலையத்துக்குப் போய் அந்தப் படியைக் கையால் தடவிப் பார்த்தான். அவர்கள் ஷெட்டில் கட்டிய பஸ்தான். வழுக்காமலிருக்க மேடு மேடாகக் கோடு போட்ட அலுமினியத் தகடு, வேறு எதுவும் கலக்காத அலுமினியம். நன்றாகப் பளபளக்கும், சுலபமாக மடியும் என்று முதலாளிக்கு அதன்மேல் ஆசை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஏறி இறங்கியதில் மேடெல்லாம் ஒரே வருஷத்தில் தேய்ந்து போயிருந்தது.

அண்ணன் முதலாளியிடம் நச்சரித்து, இருப்பதிலேயே கெட்டியான தகடாக மெட்ராஸிலிருந்து வரவழைத்தான். மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்து, சூட்டில் பதப்படுத்தியது. ஷெட்டில் மூத்தவர் வேடியப்பன் சிரித்தார்.

"ஏன்டா ஆதி, பஸ்ஸுக்குப் படி போடறியா, தங்கச்சிக்குப் போடறியா?"

"ஏறுற எல்லாருக்கும் காலுதான மாமா இருக்குது."

அந்தத் தகடு மடித்தால் விரிசல் விட்டது. அதற்கு ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மடிக்க வேண்டிய இடத்தில் துணி சோப்பால் ஒரு கோடு இழுத்து, ஊதுவிளக்கின் நெருப்பைக் காட்டுவார்கள். கோடு கறுத்ததும் தகடு இளகியிருக்கும். அண்ணனும் அப்படியே செய்து, மடித்து, படியில் பொருத்தினான்.

மாசி மாதம் வந்தபோது என் இடது காலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வீட்டில் சொல்லப் பயம். அண்ணன் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன்.

"படி உள்பக்கம் சொரசொரன்னுதான் இருக்குது. ஓரத்துல மட்டும் வழவழன்னு ஆயிடுச்சி."

"ஒரே தகடுதான, எப்பிடி?"

என் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தேன். சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கியதை மறுபடி அளவில்லாமல் சுட்டால், கெட்டித்தன்மை போய்விடும் என்றிருந்தது. வாசித்துக் காட்டினேன். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"கால் படற எடத்த நானே கொளுத்திக் கெடுத்துட்டேன்" என்றான்.

அடுத்து அவன் கேட்டது மெக்னீசியம் மட்டும் கலந்த தகடு. முந்தையதைவிடக் கெட்டி கம்மி. ஆனால் நெருப்பே காட்டாமல் மடிக்கலாம், வளைவை மட்டும் கூர்மையாக்கக் கூடாது, விரிசல் விடும். "கெட்டி சரக்க வுட்டுட்டு எளப்பமானத போடறான், படிச்ச தங்கச்சி சொல்லிச்சாம்" என்று வேடியப்பன் ஷெட் முழுக்கச் சொன்னார். அண்ணன் ஒரு தண்ணீர்க் குழாயை அடியில் கொடுத்து, அதன்மேல் தகட்டை அமுக்கி, உருண்டையாக மடித்தான்.

பொருத்திய அன்று என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னான். படியில் தண்ணீர் ஊற்றி, தேங்காயெண்ணெயும் தடவினான். என்னை ஏற்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அவன் ஏறினான். வலது காலை ஊன்றி, இடது காலை விளிம்பில் உரசி இழுத்து, அப்படியே என்னைப் போல. இறங்கினான், திரும்ப ஏறினான். பத்து முறைக்கு மேல் இருக்கும். கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்த ஒருவன், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். வேடியப்பன் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"இப்ப நீ ஏறு" என்றான் அண்ணன்.

1977இல் பட்டம் முடித்தேன். அதுவரை ஒருமுறைகூட விழவில்லை. அதன்பின் அந்த ஷெட்டில் கட்டிய எல்லாப் பஸ்ஸுக்கும் அதே தகடுதான், அதே குழாயில்தான் மடித்தார்கள்.

கருமாதி முடிந்து, வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்பிய அன்று தூறிக்கொண்டிருந்தது. வந்தது புது பஸ்.

"பாத்து ஏறுங்க டீச்சர், படி ஈரம்" என்றார் கண்டக்டர்.

வலது காலை ஊன்றினேன். இடது கால் விளிம்பில் உரசியது. உருண்டையான மடிப்பு. அதன்மேல் சின்னச் சின்ன மேடுகள், ஒன்றும் தேயவில்லை. காலை எடுக்க மனம் வரவில்லை.

"உள்ள போங்கம்மா, மழைல நிக்கறோம்ல" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

உள்ளே போனேன்.