தூங்கிக்கொண்டிருந்த கொம்பன்

அந்த வேட்டை விளையாட்டின் எல்லாப் பாகங்களையும் நான் ஆடி முடித்துவிட்டேன். தீ கக்குவது, பறந்து கொத்துவது, மண்ணுக்குள்ளிருந்து பாய்வது என்று எந்த மிருகம் வந்தாலும் பயமில்லை. தூங்குகிற மிருகத்தைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். அதற்குக் காரணம் மூன்றாம் பாகம். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்று பின்னேரம் அவர் அங்கே தன் அறையிலிருந்தும் அக்கா எங்கள் வெள்ளவத்தை வீட்டிலிருந்தும் இணையத்தில் ஒன்றாக வேட்டைக்குப் போவார்கள். மைக் எல்லாம் கிடையாது. திரையில் கையசைப்பதும் தலையாட்டுவதும்தான் பேச்சு. அக்காவுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. கொன்ட்ரோலரைத் தொட அனுமதி இல்லை. மூன்று மாதம் பாடுபட்டு அவள் செய்த வாளை நான் ஒரு நாள் தெரியாமல் விற்றுத் தொலைத்திருந்தேன். "இனித் தொட்டியெண்டால் பார்க்கவும் விடமாட்டன்" என்று சொல்லியிருந்தாள். அக்கா சொன்னால் செய்வாள். அந்த ஒரு மணித்தியாலம் பறிபோனால் எனக்கு அப்பாவே இல்லாத மாதிரி. போனில் அவர் கதைப்பதெல்லாம் அம்மாவோடுதான். எனக்கு மிஞ்சுவது "சாப்பிட்டியே, படிச்சியே" மட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள். காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்த அம்மா, பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி, வீட்டில் விட்டுவைத்திருக்கும் தன் பழைய போனை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அன்ரி வந்து மல்லித்தண்ணி தந்து, படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் நல்ல பிள்ளையாக ஐந்து நிமிடம் படுத்தேன்.

விளையாட்டில் வருகிற ஊருக்குள் சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்காவின் வேட்டைக்காரியோடு கொல்லன் பட்டறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, திரையின் மூலையில் அப்பாவின் பெயர் பச்சையாக எரிந்தது. உடனே வேட்டைக்கு அழைப்பு. மூடினால், ஏன் ஓடிப்போனாய் என்று வெள்ளிக்கிழமை அக்காவைக் கேட்பார். போனால், அக்கா இவ்வளவு மோசமாக ஆடமாட்டாளே என்று கண்டுபிடிப்பார். எது குறைந்த ஆபத்து என்று எண்ணிப் பார்க்குமுன் என் விரல் அழைப்பை ஏற்றுவிட்டது.

எதிரே வந்தது கொம்பன். அது நாங்கள் வைத்த பெயர். மூன்று கொம்பும் லொறி அளவு உடம்பும் உள்ள மிருகம். அந்த விளையாட்டில் யார் விழுந்தாலும் சேர்த்துத்தான் கணக்கு. மூன்றாவது முறை விழுந்தால் வேட்டை தோல்வி. நான் இரண்டாம் நிமிடத்திலேயே விழுந்தேன். எழுந்து ஓடிவந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மருந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

காயம்பட்ட கொம்பன் குகைக்குள் போய்த் தூங்கியது. தூங்கும் மிருகத்தைத் தொடக்கூடாது என்பது இந்த விளையாட்டை ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். தலைமாட்டில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி, எல்லோரும் விலகிய பிறகுதான் கல்லெறிந்து வெடிக்க வைக்கவேண்டும். அப்பா ஒவ்வொன்றாக, மெதுவாக அடுக்கினார். நாலாவதை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் அக்கா கையசைப்பாள். நானும் அசைக்கப் போய், பித்தானை மாற்றி அழுத்திவிட்டேன். கையிலிருந்து ஒரு கல் பறந்தது. நாலு பீப்பாயும் அப்பாவோடு சேர்ந்து வெடித்தன.

இரண்டாவது. இன்னும் ஒன்றுதான். படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. அம்மாதான் என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன். சத்தம் மேல்மாடிக்குப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அப்பா திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்று ஒருமுறை தலையாட்டினார். அதன்பிறகு கொம்பன் என் பக்கம் வரவே அவர் விடவில்லை. முக்கால் மணித்தியாலம் தனி ஆளாக நின்று அதை வீழ்த்தினார்.

திரை அணைந்த கையோடு போன் அடித்தது.

"சின்னவள், நீதானே?"

கொன்ட்ரோலரை அவசரமாகக் கீழே வைத்தேன்.

"அக்கா இப்ப வகுப்பிலயெல்லோ. துவக்கத்திலயே தெரியும்."

"அக்காவிட்டச் சொல்லிப்போடாதைங்கோ அப்பா."

"சொல்லமாட்டன். நீயும் நான் விளையாடினதை அம்மாவிட்டச் சொல்லாதை, என்ன?"

"ஓம்."

பிறகு, "நாளைக்கும் வருவியே?" என்றார்.

"நாளைக்குக் காய்ச்சல் விட்டிடும் அப்பா. பள்ளிக்கூடம்."

"ஓமோம். பள்ளிக்கூடத்துக்குப் போ."

அப்பா என் கட்சி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்காக அம்மாவிடமே மறைக்கிறாரே! அக்காவுக்குக்கூட இல்லாத ஓர் இரகசியம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறதே! இரண்டு மாதம் அதை வெளியே விடாமல் காத்தேன். கம்பனி அவரை எப்போதோ வேலையிலிருந்து நிறுத்திவிட்டது என்பது, அவர் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியபோதுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

அன்றைக்கு, வேலை நேரத்தில் அவர் அறையில் என்ன செய்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிடிபடவில்லை என்ற நிம்மதியில் போனை வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்தேன். நாளைக்கும் வருவாயா என்று அவர் கேட்டது, வேட்டைக்கு ஆள் தேவைப்பட்டுத்தான் என்று நினைத்தேன்.