சலூன் நாற்காலி வைத்துப் போட்ட கோடு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்த நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரம்மாவுக்கு கிளினிக் கட்டிக்கொண்டிருந்தோம். கான்ட்ராக்டர் பஷீர் பாய். எஸ்டிமேட் எழுதியவன் நான். பத்தாவது வரை படித்தவன். ஆட்களோடு பேசுவதைவிட டேப் பிடிப்பது எனக்குச் சுலபம்.

பல் கிளினிக் எஸ்டிமேட்டில் சுவர், கதவெல்லாம் சாதாரணம். நோயாளி உட்காரும் சேருக்கு அடியில் போகும் தண்ணீர் பைப், கழிவு பைப், காற்று பைப்தான் கஷ்டம். அவற்றைப் புதைத்த பிறகுதான் தரை போட வேண்டும். இடம் தவறினால் தரையை உடைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு கம்ப்ரஸருக்கு ஒதுக்கிய பணத்தில்தான் கை வைக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் டிரில் ஓடாது. டாக்டரம்மா பல் பிடுங்குவதோடு சரி.

மெட்ராஸிலிருந்து சேர் ஏற்றி வந்த லாரி வழியில் மாட்டிக்கொண்டது. தரை போடும் ஆட்கள் மறுநாள் வருகிறார்கள். விட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

"எத்தினி நாளு காத்துக்கினு இருக்கறது? எதிர் சலூன்ல ஒரு சேரு தூக்கினு வாப்பா" என்றார் பாய்.

சலூன்காரர் மாணிக்கம் நாற்காலியோடு தானும் வந்தார். "பாய், புடுங்கற காசுல பாதி எனக்குங்க."

முன்பு கட்டிய ஒரு கிளினிக்கின் பிளான்படி, நாற்காலிக்கு இடப்பக்கம் துப்பும் தொட்டிக்கும் பைப்புக்கும் சாக்பீஸால் கோடு போட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "பைப்பெல்லாம் உங்க பாடுங்க" என்று சிரித்தார்.

அப்போது கன்னத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பஸ் இல்லாததால் கல்வராயன் மலையிலிருந்து நடந்தே வந்தவர். நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னும் தெறக்கலீங்க" என்றேன்.

"நான் தெறந்துட்டேங்க" என்று வாயைக் காட்டினார்.

டாக்டரம்மா வீட்டிலிருந்து கருவிப்பெட்டியை வரவழைத்தார். மாணிக்கம் டார்ச் அடித்தார். ஊசி போட்டு, மரத்த பிறகு, டாக்டரம்மா குறடை இடக்கையில் எடுத்தார். நாற்காலிக்கு இடப்பக்கம் போய், நான் போட்ட கோட்டின் மேலேயே நின்றார்.

நான் பாயின் சட்டையை இழுத்து டாக்டரம்மாவின் காலடியைக் காட்டினேன்.

"இன்னாம்மா, தொட்டி மேல நிக்கிறீங்க? இடக்கைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே பாய்."

பல் வந்துவிட்டது. மலைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். டாக்டரம்மா வலப்பக்கம் கை காட்ட, மாணிக்கம் ஓடிப்போய் வாளியை அங்கே வைத்தார். வாளியைச் சுற்றியே புதுக்கோடு போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், மரத்த வாயோடு மலைக்காரரும்.

மறுநாள் தரை போட்டோம். வழி திறந்து சேர் வந்தது, சரியாக உட்கார்ந்தது. கம்ப்ரஸரும் வந்தது. அது முதலில் ஓடியபோது, பாய் ஏதோ கச்சேரி கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது எஸ்டிமேட் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளானை மட்டும் நம்பாதீர்கள். அங்கே வேலை செய்யப்போகிறவரை வெறும் அறையிலேயே ஒரு தடவை வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். பிறகு கோடு போடுங்கள்.