தலைமை நிரலருக்கு ஒரு வாரத் தடை

எங்கள் மென்பொருள் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். கைப்பேசிக்கு வரும் செய்தியைக் கண் தெரியாதவர்கள் அதன் உதவியால் காதில் கேட்கலாம். இலவசம். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். வந்த திருத்தத்தை எல்லாரும் பார்க்கும் ஓர் இணையப் பக்கத்தில் விவாதித்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பத்திரிகையில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், விவாதப் பக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் மட்டுறுத்துநர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

நடத்தை விதிகளை நான்தான் எழுதினேன். அரைப் பக்கம். வேலையைக் குறை சொல்லலாம், ஆளைக் குறை சொல்லக் கூடாது. மீறினால், மீறிய இடத்திலேயே அது குறிக்கப்படும். மீறியவர் ஒரு வாரம் எழுத முடியாது. யாராக இருந்தாலும்.

அப்போதுதான் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தார். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர், நாற்பது வயதிருக்கும். நிரல் எழுதத் தானாகவே கற்றவர். அவருடைய அக்காவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. குடும்பத்தார் அக்காவுக்கு அனுப்பும் செய்தி தமிழில் இருக்கும். நடுநடுவே மலாய்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் வரும். மலாய் பேசும் இந்த நாட்டில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான் எழுதுகிறோம். அந்தச் சொல் வந்ததும் எங்கள் மென்பொருள் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படித்தது. மருந்தைக் குறிக்கும் 'உபாட்' யு, பி, ஏ, டி என்று நான்கு துண்டாக உதிர்ந்தது. என்ன வாங்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அக்காவுக்குப் புரியவில்லை. தங்கை அதைச் சரிசெய்து அனுப்பினார்.

அதற்கு வந்த முதல் பதில் இது: "இது தமிழா? பாசார்ல மீன் விக்கிற பாஷை. மொதல்ல தமிழ் படிச்சிட்டு வாங்கம்மா, அப்பறம் கோட் எழுதலாம்." கீழே ஏழு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள்.

எழுதியவர் எங்கள் தலைமை நிரலர். மென்பொருளின் பெரும்பகுதி அவர் எழுதியது. டுரியான் துங்காலில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சண்டை வந்தால், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் காதுக்குப் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். நானும் அதையே செய்தேன். அவருடைய பதிலைச் சிரிப்பு முகங்களோடு சேர்த்துத் தடம் தெரியாமல் அழித்தேன். புக்கிட் காத்தில் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனேன்.

"ஐயோ அண்ணே, வெளையாட்டுக்குச் சொன்னது லா," என்றார்.

"அவங்களுக்கு அது வெளையாட்டா தெரியல தம்பி."

"சரிண்ணே. இனிமே எழுதல. தே குடிக்கிறீங்களா?"

டீயைக் குடித்தேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். மறுநாள் அந்தப் பெண் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு குழுவிலிருந்து விலகியிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அந்தக் கமெண்ட்ட யாருண்ணே எடுத்தா?"

"நான்தான்மா. அவர்கிட்ட நேரா போய்ப் பேசிட்டேன். இனிமே அப்படி எழுத மாட்டாரு."

"அவரு பேசுனத எல்லாரும் பாத்தாங்க, ஏழு பேரு சிரிச்சாங்க. நீங்க பேசுனது உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இப்ப பக்கத்த பாத்தா நான் சும்மா கோச்சிக்கிட்டு போன மாதிரி இருக்கு. அவரு மானத்த காப்பாத்திட்டீங்க லா. என்னோடத?"

பத்திரிகையில் ஒருவரைப் பற்றித் தவறாக அச்சிட்டுவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்தால் போதாது. வாசகர் பார்க்கும் இடத்தில் திருத்தம் வர வேண்டும். அப்படிப்பட்ட திருத்தங்களை எத்தனையோ முறை எழுதியவன் நான்.

அன்று மாலையே அழித்ததைப் பழைய இடத்தில் வைத்தேன். கீழே ஐந்து வரி எழுதினேன்: இது விதிமீறல், எழுதியவருக்கு ஒரு வாரத் தடை, இதைச் சொல்லாமல் அழித்தது மட்டுறுத்துநரின் தவறு, அதற்காக அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அரை மணி நேரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "என்னண்ணே, உக்காந்து பேசி முடிச்சோமே. இப்ப நடுரோட்ல நிறுத்திட்டீங்களே?"

"நடுரோட்லதானே தம்பி பேசுனீங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் புதிய பதிப்பு வெளிவர வேண்டியிருந்தது. அவர் இல்லாமல் வேலை நகரவில்லை. பக்கத்தில் சூடு கிளம்பியது. "கமா போடுறவரு கோட் எழுதுறவர நிறுத்துறாராம்," என்று ஒருவர் எழுதினார். அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார்: "பாஸ், இதுவும் ஆளப் பத்திதான். ஒங்களுக்கும் ஒரு வாரம்." விதிப்படி கமா என்று எழுதியவருக்கும் ஒரு வாரத் தடை கொடுத்தேன். நான் எழுதிய விதியை வேறொருவர் எடுத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. பத்திரிகையில் என் தலைப்புகளைப் பாராட்டியவர்கள் உண்டு. அந்த ஒரு வரி கொடுத்த பெருமையை அவை கொடுத்ததில்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. தலைமை நிரலர் திரும்பி வராவிட்டால் மென்பொருள் போய்விடும். அந்தப் பெண் வராவிட்டால் விதிக்கு அர்த்தம் இல்லை.

தடை முடிந்த அன்று காலை தலைமை நிரலர் எழுதினார்: "அவங்க கோட்ட படிக்காமலே அவங்கள பேசிட்டேன். என் கடையில நாள் பூரா நானும் இந்தப் பாஷைதான் பேசுறேன். மன்னிச்சிருங்க. இப்ப கோட்ட படிச்சிட்டேன், நல்ல யோசனை. திரும்ப அனுப்புனா ஒழுங்கா பாக்குறேன்." அவரிடம் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. சிரித்த ஏழு பேரில் ஐந்து பேர் அதே இடத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். இரண்டு பேர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் திருத்தம் மறுபடி வந்தது. தலைமை நிரலர் அதில் பதினொரு குறை கண்டு எழுதினார். தலையங்கத்தைச் சரிபார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் பதினொன்றும் நிரலைப் பற்றியவை.

"ஒம்போது சரி," என்று அந்தப் பெண் பதில் எழுதினார். "ரெண்டுக்கு நான் சண்ட போடுவேன்."

"போடுங்க," என்றார் தலைமை நிரலர்.

நான்கு நாள் போட்டார்கள். ஒன்றில் அந்தப் பெண் சொன்னது நின்றது, மற்றதில் அவர் சொன்னது. தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து அவ்வளவையும் படித்தேன். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. சனிக்கிழமை அந்தப் பெண்ணின் நிரல் புதிய பதிப்பில் சேர்ந்தது. சேர்த்தவர் தலைமை நிரலர்.