தைக்காத முனை

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்னில், நோபல் பார்க் பக்கம் இருந்தபோது, பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண் தானே சாயம் போட்ட, கை துடைக்கிற இரண்டு நீலத் துவாய்களை எனக்குத் தந்தாள். மெல்லிய பருத்தித் துணி. முனைகளை மடித்துத் தைக்காமல் வெட்டினபடியே விட்டிருந்தாள், நூல் தொங்கியது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? அன்றைக்கே இரண்டையும் மெஷினில் வடிவாகத் தைத்து, அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, ஒன்றில் இருந்த என் தையலை அப்படியே வெட்டிப்போட்டாள். மற்றதை நான் பறித்துக்கொண்டேன். மடிப்பில் ஈரம் நிற்குமாம், தைக்காவிட்டால் கெதியாகக் காயுமாம். நூலும் கொஞ்ச நாள் உதிர்ந்துவிட்டுத் தானாக நின்றுவிடுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் இரண்டையும் நனைத்துக் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். மெல்பேர்ன் குளிர்காலம், வெளியில் மழை. மறுநாள் காலை அவள் வெட்டின துவாய் நன்றாகக் காய்ந்திருந்தது. மற்றதில் என் தையல் மட்டும் ஈரமாகப் புளித்து மணத்தது.

தோற்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்ல! அந்தக் கிழமையே மெல்லிய பருத்தி வாங்கி நீளநீளமாக வெட்டினேன். கோப்பை துடைக்க, வெட்டின பாண் துண்டுகளை மூட, கை துடைக்க என்று குசினி முழுக்க நூல் தொங்கியது.

சாப்பாட்டுக்கு வந்த சிநேகிதி ஒன்றைக் கையில் எடுத்தாள். “தாரும், நான் தைச்சுத் தாறன்.”

“தைச்சுப் பாரும், வெட்டிப்போடுவன்” என்றேன். கத்தரிக்கோல் ஏற்கெனவே என் கையில் இருந்தது.