ஆளுக்கொரு காது

போன வாரம் மகன் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்த ஒயரில்லா இயர்போனின் இரண்டு வெள்ளைக் குமிழ்களிலிருந்து ஓர் இரைச்சல் கசிந்தது. கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பாகாயம் வீட்டுச் சமையலறையில், எங்கிருந்தோ தோலும் பசையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

பழைய பாட்டைக் கேட்டால் மற்றவர்களுக்குக் காதல் ஞாபகம் வரும். எனக்குக் கம்பெனி பஸ் வருகிறது. என்ன செய்ய!

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். பக்கத்து மிஷின் ஸ்டெல்லா. மாதனூர்க்காரி, அம்மாவைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவள். கிறிஸ்துமஸ் சமயத்தில் லாங் பஜார் செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டி, "இங்கிலீஷ்ல, சோகமா, சர்ச் பாட்டு மாதிரி ஏத்திக் குடுங்கண்ணா" என்றிருக்கிறாள். கடைக்காரருக்கு இங்கிலீஷும் சோகமும் மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். யாரோ வெளிநாட்டுப் பையன்கள் கிடாரைப் போட்டு நொறுக்கும் ஒரு முழு ஆல்பத்தை ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் ஆளுக்கொரு காது. இடது பக்க ஒயர் எனக்கு, வலது அவளுக்கு. மாற்றிக்கொள்ளவே மாட்டாள். "உன் காது குறும்பி எனக்கு வேணாம்பா" என்று தன் பக்கத்துக்குச் சிவப்பு நூல்கூடக் கட்டி வைத்திருந்தாள்.

"இன்னாடி இது, மிஷின் ஹால் சத்தம் மாதிரி? நாள்பூரா கேட்டது போதாதா?" என்பேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "எவ்ளோ மெதுவா அழுவுறான், உனக்குக் கேக்கல?"

"அழுவுறானா? அடிச்சிக்கிறானுங்கடி!"

"போடி செவுடு."

அம்மா நினைப்பில் அழுகிறாள், பாட்டு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்கும் பழகி, பிறகு பிடித்தும் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்க மங்க, அதற்குள் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருப்பேன். நான் பள்ளிகொண்டா போக வேண்டும். அவள் முன்னாடியே இறங்கிவிடுவாள். மாதனூர் வந்ததும் அவள் எழுந்தால் ஒயர் என் காதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கடைசிப் பாட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை.

அப்புறம் அவள் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போய்விட்டாள். என் போன் தொலைந்தபோது அவள் நம்பரும் போய்விட்டது.

மேசைமேல் இருந்த குமிழ்களில் ஒன்றை மட்டும் எடுத்து, பழைய பழக்கத்தில் இடது காதில் வைத்தேன். "ரெண்டு காதுலயும் மாட்டிக்கோம்மா" என்றான் மகன். மாட்டினேன். இடது காதில் என் பழைய இரைச்சல். வலது காதில் ஒருவன், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக அழுதுகொண்டே பாடினான்.

"ஒரு பக்கம் கிடாரு, ஒரு பக்கம் குரலு. அப்பிடி பிரிச்சிதான் வெச்சிருக்காங்க" என்றான் அவன்.

அப்போதெல்லாம் ஸ்டெல்லாவும் நானும் ஆளுக்குப் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டிருக்கிறோம். நீ சொன்னதும் சரிடி என்று உடனே அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மகன் வலது குமிழை எடுத்து மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான். பாட்டு அறுபடவில்லை. இப்போது சேர்ந்து கேட்கப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. கடைசிப் பாட்டும் வந்தது, முடிந்தது. மாதனூர் வந்துடுச்சி என்று யாரும் ஒயரை இழுக்கவில்லை.