சோதனை முடியட்டும் என்று சொன்ன ரீச்சர்

சாவகச்சேரிச் சந்தையடியில் நின்று குணலட்சுமி ரீச்சரின் வீடு எங்கே என்று கேட்டால், வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ரீச்சர் நான்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறேன். வீட்டுவேலைக் கணக்குச் செய்யாமல் வந்தால் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். பொய் சொன்னால் ஒரு மணித்தியாலம். செய்யாததற்குச் சாட்டுச் சொல்லுகிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். தாய்மாருக்கே என்னில் பயம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

என் ஒரே மகள் ஆரணிக்கு ஒன்பது வயதில் கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளத் தொடங்கியது. மேற்பல்லுக்கு முன்னால் கீழ்ப்பல் நின்றது. பாண் துண்டைக் கடித்தால் அறாது; பக்கவாட்டில் வைத்து இழுப்பாள். யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன்.

"இப்பதான் பிள்ளையின்ரை எலும்பு வளருற நேரம்," என்றார் அந்த வைத்தியர் அம்மா. "நெத்தியிலையும் நாடியிலையும் பிடிக்கிற கம்பிச் சட்டம் ஒண்டு தாறன். ரப்பர் கொழுவினால் மேல்தாடையை முன்னுக்கு இழுக்கும். வீட்டிலை நிக்கிற நேரமெல்லாம் போடவேணும். பத்து வயசு தாண்டினால் கஷ்ரம்."

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை போட்டாள். சோதனைக்கு ஏழு மாதம் இருந்தது. தலையிடிக்குது என்றாள். குனிந்து எழுதினால் கம்பி மேசையில் இடித்தது. இருநூறுக்கு நூற்றெழுபது எடுக்கிற பிள்ளை, மாதிரி வினாத்தாளில் நூற்று முப்பத்தெட்டு எடுத்தாள். என்னுடைய மகள், என்னுடைய வகுப்பில், நூற்று முப்பத்தெட்டு. சட்டத்தை நானே கழற்றினேன். "சோதனை முடியட்டும், பிறகு போடலாம்," என்றேன். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தாள். எந்தப் பிள்ளைதான் சிரிக்காது?

சோதனையில் நூற்றெண்பத்தொன்று எடுத்தாள். வகுப்பு வாசலில் அவளுடைய படம் போட்டுப் பதாகை கட்டினேன். பிறகு சட்டத்தைத் தேடி எடுத்தேன்தான். ஆனால் திரும்பவும் அந்த வைத்தியரிடம் போகவேண்டும். இத்தனை மாதமும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். வீட்டுவேலை செய்யாத பிள்ளை வகுப்புக்கு ஒளிப்பது மாதிரி நானும் ஒளித்தேன். அடுத்த மாதம், அடுத்த தவணை என்று இழுத்தேன். பேச்சு வாங்கப் பயந்தேன், வேறொன்றும் இல்லை. என் கணவர் கேட்டபோது, "வளர வளரச் சரிவரும் எண்டு சொன்னவை," என்று பொய் சொன்னேன்.

சரிவரவில்லை. ஆரணிக்கு இப்போது பதினெட்டு. ஆட்களுக்கு முன்னால் சாப்பிடமாட்டாள். சிரித்தாலும் கதைத்தாலும் கை வாய்க்குப் போகும். உயர்தரச் சோதனை எழுதி முடித்த கையோடு, தாடை சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் ஒருவரிடம் அவளே நாள் எடுத்தாள். நானும் கூடப் போனேன்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டொக்டர். "ஒண்டு, பல்லுக்குக் கம்பி போட்டு நேராக்கிப்போட்டு, மயக்கி, தாடை எலும்பை வெட்டிச் சரியான இடத்திலை வைச்சுத் தகடு பூட்டுறது. மற்றது கொஞ்சம் புதுசு. எலும்பிலை சின்னச் சின்ன ஸ்குரூ பூட்டி, அதிலை கொழுவி, கீழ்ப்பல்லு முழுக்கப் பின்னுக்கு இழுக்கிறது. எலும்பை வெட்டத் தேவையில்லை."

"உந்த ரெண்டாவதையே செய்வம் டொக்டர்," என்றேன், அவர் முடிக்க முதலே. பிள்ளையை வெட்டுவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. அது மட்டுமில்லை. வெட்டினால் அது நான் வெட்டியதுதான். ஸ்குரூ என்றால் என் பிழை கொஞ்சம் சின்னதாகிவிடும் போல இருந்தது. அந்த நேரத்திலும் என்னைத்தான் பார்த்தேன்.

ஆரணி டொக்டரைக் கேட்டாள். "ரெண்டாவதிலை என்ரை தாடை மாறுமோ?"

"பல்லுச் சேரும், கடிக்கலாம். தாடை உப்பிடியேதான் இருக்கும்."

"அப்ப எனக்குச் சத்திரசிகிச்சை."

டொக்டர் எழுதத் தொடங்கினார். "சின்னனிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ? அப்பவே ஒரு சட்டம் போட்டிருந்தால் அநேகமா வெட்டுற அளவுக்கு வந்திராது."

"இல்லை டொக்டர்," என்றாள் ஆரணி. "ஒருத்தரும் சொல்லேல்லை."

கண் இமைக்காமல் சொன்னாள். எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"சொன்னவை டொக்டர்," என்றேன். "சட்டமும் தந்தவை. சோதனைக்காகக் கழட்டினது நான். பிறகு போடாமல் விட்டதும் நான்."

டொக்டர் என்னை ஏசவில்லை. எழுதியதை வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினார். இரண்டு பேச்சுப் பேசியிருக்கலாம் அந்த மனுசன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏனடி பொய் சொன்னனீ? ஒரு மணித்தியாலம் நிக்கவேணும், தெரியுந்தானே." அவளைச் சிரிக்க வைக்கத்தான் பார்த்தேன்.

அவள் வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். "நீங்கள் பேச்சு வாங்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாதம்மா."

பஸ் வந்தது. அவள் ஜன்னலோரம் இருந்து, பக்கத்து இருக்கையில் கையை வைத்து என்னைக் கூப்பிட்டாள். நான் இருக்கவில்லை. சாவகச்சேரி வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.